மார்மைட்டை வெளிநாட்டில் வளர்ந்த பிள்ளைகள் ஏன் துப்புகிறார்கள்?

கனடாவில் இருந்து கல்லடிக்கு வந்த மருமக்கள் மார்மைட் பூசிய பாணைத் துப்பிவிட்டார்கள் என்று கேட்டிருந்தீர்கள். நிறத்தைப் பார்த்து சொக்லேட் என்று நினைத்துத் தடிப்பாகப் பூசியிருப்பார்கள், பாவம்!

பியர் வடித்தபின் மிஞ்சும் ஈஸ்ட்டின் சாறுதான் மார்மைட். 1902இல் இங்கிலாந்தின் பர்ட்டனில் தொடங்கியது. ஈஸ்ட் கலங்கள் உடையும்போது புரதத்தில் இருந்து குளுட்டமேட் என்ற சுவைப்பொருள் வெளிவரும். கூடவே நிறைய உப்பு. மாசிச் சம்பலில் நாக்கு தேடுவதும் கிட்டத்தட்ட இந்தச் சுவையைத்தான். கருவாடும் மாசியும் தின்று வளர்ந்த எங்களுக்கு அது புதிதில்லை. பாண் என்றால் ஜாம் என்று பழகிய நாக்குக்கு அதிர்ச்சிதான்.

அவுஸ்திரேலியர் 1923 முதல் விற்பனையில் உள்ள, இதே மாதிரியான ஈஸ்ட் சாறான வெஜிமைட்டைத்தான் கொண்டாடுவார்கள். நியூசிலாந்து மார்மைட்டோ பெயரில் மட்டும் ஒன்று. அதில் சீனி சேர்ப்பார்கள்.

எங்கள் வீட்டில் பாணுக்குப் பூசுவதைவிட, தடிமன் காய்ச்சலுக்குச் சுடுதண்ணீரில் கரைத்து, தேசிக்காய் பிழிந்து, மிளகுத்தூள் தூவிக் குடிப்பதுதான் அதிகம். பிள்ளைகளுக்கு முதலில் சூடான பாணில் பட்டரைப் பூசி, அதன்மேல் கரண்டி நுனியளவு மார்மைட்டை இழுத்துக் கொடுத்துப் பாருங்கள். பிரஷர் உள்ளவர்கள் அந்த நுனியையும் குறைக்க வேண்டும்.