அடர்தீவனத்தைக் கூட்டியும் பசுவின் பாலில் கொழுப்பு குறைவது ஏன்?

பால் கூட வேண்டும் என்று அடர்தீவனத்தை (தானிய மாவு, தவிடு, புண்ணாக்கு கலந்த தீனி) கூட்டியதும் சாணம் இளகிவிட்டது, பாலில் கொழுப்பும் குறைந்துவிட்டது என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் மாட்டின் முதல் வயிறு (நான்கு அறை இரைப்பையின் பெரிய முதல் அறை) புளித்துப்போயிருக்கும் என்றே தோன்றுகிறது.

மாடு தின்பதைச் செரிப்பவை அந்த வயிற்றிலுள்ள நுண்ணுயிர்கள். நார்த்தீனியை மென்று அசைபோடும்போது ஒரு நாளைக்கு 100 லிட்டருக்கு மேல்கூட எச்சில் ஊறும். எச்சிலில் உள்ள சோடா உப்புதான் புளிப்பைத் தணிக்கும். மாவும் தானியமும் சீக்கிரம் புளிக்கும், அசைபோடும் வேலையையும் குறைக்கும். பால் கொழுப்புக்கு முக்கிய மூலப்பொருளான அசிட்டிக் அமிலமும் பெரும்பாலும் நாரிலிருந்துதான் வருகிறது. இப்படியே விட்டால் குளம்பும் நோகும்.

ஆகவே அடர்தீவனத்தை இன்றே குறையுங்கள். பால் கொஞ்சம் குறைந்தால் பயப்படாதீர்கள், மாடுதான் முக்கியம். முதலில் வைக்கோலோ நறுக்கிய புல்லோ போட்டு, அது தின்ற பிறகு அடர்தீவனம் வையுங்கள். அதையும் ஒரே வேளையில் கொட்டாமல் இரண்டு மூன்றாகப் பிரியுங்கள். 400 கிலோ எடையுள்ள கலப்பினப் பசுவுக்கு உடம்பைப் பராமரிக்க நாளுக்கு 1.5 முதல் 2 கிலோ அடர்தீவனம், அதற்குமேல் 2.5 முதல் 3 லிட்டர் பாலுக்கு 1 கிலோ என்பது வழக்கமான கணக்கு. பசுந்தீவனம் நன்றாக இருந்தால் இதுவும் குறையும்.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். பசும்புல்லில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர். 30 கிலோ போட்டாலும் உலர் எடை 6 கிலோதான், பசுவுக்கோ 10 முதல் 12 கிலோ வேண்டும். அதனால் வைக்கோலும் கட்டாயம். குதிரைமசால், காராமணி போன்ற பயறுவகைப் பசுந்தீவனங்களை ஈரத்தோடு வெறும் வயிற்றில் போடாதீர்கள், வயிறு உப்பிவிடும். எந்தத் தீனியையும் 10 முதல் 14 நாளில் மெல்ல மெல்ல மாற்றுங்கள். பூஞ்சை பிடித்ததை மனசு கேட்காவிட்டாலும் தூக்கிப் போடுங்கள், அதன் நஞ்சு பாலிலும் இறங்கும்.

தண்ணீர் எப்போதும் தொட்டியில் இருக்கட்டும். தாது உப்புக் கலவை தினமும் 50 கிராம் போதும். சினை மாட்டுக்குக் கடைசி இரண்டு மூன்று வாரம் கால்சியம் டானிக்கை நீங்களாக ஊற்றாதீர்கள், ஈன்றபின் பால் காய்ச்சல் (ரத்தத்தில் கால்சியம் குறைந்து மாடு படுத்துவிடும் நோய்) வர அதுவே வழிவகுக்கும்.

அசைபோடுவதை நிறுத்தினாலோ, தீனியைத் தொடாவிட்டாலோ, இடது விலா உப்பி இறுகினாலோ காத்திருக்காமல் உடனே கால்நடை மருத்துவரை அழையுங்கள்.