மேனேஜராகக் கூப்பிடுகிறார்கள், போகலாமா?

கேள்வி: கல்லூரி நண்பர்கள் நான்கு பேர் சேர்ந்து பேண்ட் நடத்துகிறார்கள். எனக்குப் பாடவும் வராது, வாசிக்கவும் வராது. ‘பீட்டில்ஸுக்கு பிரையன் எப்ஸ்டீன் மாதிரி நீ எங்களுக்கு மேனேஜரா இரு’ என்கிறார்கள். இப்போது அப்பாவின் ஜவுளிக்கடையைப் பார்த்துக்கொள்கிறேன். அந்த வாழ்க்கை உண்மையில் எப்படி இருக்கும்? போகலாமா?
- வாசகர், கோவை

பதில்: அன்புத் தம்பி, தாராளமாகப் போங்கள். ஆனால் நண்பர்கள் சொன்ன எப்ஸ்டீனின் கதையை, அதாவது இங்கிலாந்தின் புகழ்பெற்ற பீட்டில்ஸ் இசைக்குழுவின் மேனேஜர் கதையை, முழுசாகத் தெரிந்துகொண்டு போங்கள்.

அவரும் கடைக்காரர்தான். லிவர்பூலில் குடும்பத்தின் இசைத்தட்டுக் கடையை நடத்தியவர், 1961 நவம்பரில் கேவர்ன் என்ற நிலவறை கிளப்பில் பீட்டில்ஸைப் பார்த்தார். இசைக்குழு நடத்திய அனுபவம் துளியும் கிடையாது. இவர்கள் மேலே வருவார்கள் என்ற நம்பிக்கை மட்டும் இருந்தது. தோல் ஜாக்கெட்டைக் கழற்றவைத்து சூட் மாட்டினார். மேடையில் தின்பதை நிறுத்தச் சொன்னார். டெக்கா என்ற இசைத்தட்டு நிறுவனம் வேண்டாம் என்றது, மற்றவர்களும் கைவிரித்தார்கள். அவர் விடாமல் லண்டனில் படியேறிப் படியேறி, கடைசியில் பார்லபோன் என்ற இசைத்தட்டு நிறுவனத்தின் தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டினைப் பிடித்தார். இந்த வேலையில் பெரும்பகுதி இதுதான் தம்பி. ‘வேண்டாம்’ என்பதை நீங்கள் கேட்டுக்கொண்டு, சாயங்காலம் ஒத்திகையில் தெம்பாகப் பேச வேண்டும்.

கெட்ட செய்தி சொல்வதும் உங்கள் தலையில்தான் விழும். 1962 ஆகஸ்டில் டிரம்மர் பீட் பெஸ்ட்டை நீக்க முடிவெடுத்தது குழு. அவரைக் கூப்பிட்டுச் சொன்னது எப்ஸ்டீன். மற்ற மூவரும் அந்த அறையில் இல்லை. உங்கள் நால்வரில் ஒருவரிடம் அப்படிச் சொல்ல உங்களால் முடியுமா? இதை இப்போதே யோசித்துப் பாருங்கள்.

அடுத்தது பணம். முதல் ஒப்பந்தத்தில் அவர் தன் கையெழுத்தையே போடவில்லை. தான் சரியாகச் செய்யாவிட்டால் அவர்கள் விலகிப்போக வழி இருக்கட்டும் என்ற நல்ல மனசு. அதே மனசு வியாபாரத்தில் அடிவாங்கியது. விற்ற ஒவ்வொரு சிங்கிளுக்கும் (பக்கத்துக்கு ஒரு பாட்டு உள்ள சின்ன இசைத்தட்டு) நிறுவனம் நால்வருக்கும் சேர்த்துக் கொடுத்தது ஒரு பென்னி, வெறும் சில்லறைக் காசு. பீட்டில்ஸ் பெயரில் விக், பொம்மை எல்லாம் விற்கும் உரிமையில் வரும் பணத்தில் 90 சதவீதத்தை வெளியாட்களுக்குக் கொடுத்துவிட்டு, எப்ஸ்டீன் தரப்பு தங்களுக்கு 10 மட்டும் வைத்துக்கொண்டது. பிறகு பங்கை உயர்த்தினாலும் விஷயம் வழக்கில் போய் நின்றது. அன்பு இருந்தால் போதும் என்று நினைப்பவர்கள் இந்த இடத்தைத் தாண்டிப் போகக்கூடாது.

எனக்கு மிகவும் வலிக்கிற பகுதி இனிமேல்தான். அவருக்கு அந்தக் குழுவே வாழ்க்கையாகிவிட்டது. அவர் தன்பாலின ஈர்ப்புள்ளவர். 1967 ஜூலை வரை இங்கிலாந்தில் அது சட்டப்படி குற்றம் என்பதால், சொந்த வாழ்க்கையை மறைத்தே வாழ வேண்டியிருந்தது. 1966 ஆகஸ்டில் சான் பிரான்சிஸ்கோ கச்சேரியோடு பீட்டில்ஸ் சுற்றுப்பயணத்தை நிறுத்தினார்கள். அவர்களுக்கு அது ஓய்வு. அவர் கையிலிருந்த வேலையோ பாதிக்கு மேல் போய்விட்டது. மறு ஆண்டு ஆகஸ்ட் 27 அன்று, தூக்கமாத்திரை அளவு மீறி, 32 வயதில் இறந்தார். தற்செயலான மரணம் என்று விசாரணை முடிந்தது. அந்த வார இறுதியில் நால்வரும் வேல்ஸில், மகரிஷி மகேஷ் யோகியிடம் தியானம் கற்கப் போயிருந்தார்கள்.

அதனால் சொல்கிறேன், கடையை உடனே விடாதீர்கள். அப்பாவிடம் பேசி, ஒரு வருஷம் பாதி நேரம் கடை, மீதி நேரம் குழு என்று பாருங்கள். குழுவுக்கு வெளியே இருக்கும் நண்பர்களை விட்டுவிடாதீர்கள். அப்புறம், முதல் கச்சேரியைப் பேசி முடிக்கும் முன் ஒரு வக்கீலைப் பாருங்கள். உங்கள் பங்கு எவ்வளவு, குழுவின் பெயர் யாருக்குச் சொந்தம், யாராவது விலகினால் என்ன, டி-ஷர்ட் விற்றால் யாருக்குப் பணம் எல்லாம் எழுத்தில் இருக்கட்டும். எப்ஸ்டீன் 25 சதவீதம் எடுத்துக்கொண்டார். வளரும் குழுவுக்கு அது அதிகம் என்பேன், 10, 15-ல் தொடங்குங்கள். ‘நண்பர்களுக்குள் பத்திரம் எதற்கு?’ என்று அவர்கள் முகம் சுளித்தால், ஒப்புக்கொள்வதற்கு முன் எனக்கு இன்னொரு கடிதம் போடுங்கள்.