பதில்: சம்பளத்த தள்ளிப் போட்டு மெஷின் வாங்கலாமா, அப்பா விடமாட்டேங்கிறார்

வணக்கம் ப்ரோ, நம்மளும் திருப்பூர்தானுங்க, சின்ன ஸ்டிச்சிங் யூனிட். சம்பளத்த ரெண்டு வாரம் நிறுத்தி அந்தக் காசுல ஓவர்லாக் மெஷின் எடுக்கலாம்னு நீங்க, முடியவே முடியாதுன்னு அப்பா, அதானே? இதுல நான் அப்பா கட்சி.

எங்கப்பா சனிக்கிழமை சாயந்திரம் எல்லாருக்கும் கவர் குடுத்து, நோட்டுல செவப்புப் பென்சில்ல டிக் அடிச்சப்புறந்தான் வீட்டுக்கே கெளம்புவாரு, எனக்கு எரிச்சலா வரும், பொழைக்கத் தெரியாத மனுஷன்னு நெனைப்பேன். ஆனா 2020 லாக்டவுன் முடிஞ்சு ஊரே ஆளுக்கு அலையறப்ப எங்க டெய்லருங்க அவங்களாவே திரும்பி வந்தாங்க, ஒரு அக்கா "வாங்க வேண்டிய பாக்கிகூட இல்ல, இருந்தும் வந்துட்டேன் பாரு தம்பி"ன்னு சிரிச்சாங்க.

ஆனா ஆர்டர் குடுக்கிற பார்ட்டிகிட்ட காசு கேட்டு நெருக்காதேன்னு உங்கப்பா சொல்றாரே, அத மட்டும் கேக்காதீங்க. உங்க பிரச்சன மெஷினே இல்ல, பார்ட்டி 90 நாளா தராம வெச்சிருக்கிற பாக்கிதான். உத்யம் பதிவு, அதாவது சின்னத் தொழிலுக்கு கவர்மெண்ட்டுல பண்ற பதிவு, இருக்கா? இல்லன்னா போடுங்க, ஃப்ரீதான். 2006 எம்எஸ்எம்இ (குறு, சிறு, நடுத்தரத் தொழில்) சட்டப்படி என்ன ஒப்பந்தம் போட்டாலும் பார்ட்டி காசு குடுக்க 45 நாளத் தாண்டக் கூடாது, இழுத்தா ரிசர்வ் பேங்க் அறிவிக்கிற பேங்க் ரேட்டப்போல மூணு மடங்கு கூட்டுவட்டி. இன்கம்டாக்ஸ்லயும் இப்ப, கெடு தாண்டி மார்ச்சுக்குள்ள கட்டலன்னா அந்த வருஷம் பார்ட்டி அத செலவா காட்ட முடியாது. அடுத்த பில்லுல உத்யம் நம்பர அடிச்சு அனுப்புங்க, அவங்க அக்கவுண்டன்ட்டே போன் பண்ணுவாரு. மெஷினுக்கு லோன் போட்டுக்கலாம்.