இயற்கை மருத்துவ மையம் 31 உணவுகளை நிறுத்தச் சொல்கிறது, நிறுத்தத் தேவையில்லை என்று மருத்துவர் சொல்கிறார். ஆறு வயதுப் பிள்ளைக்கு யார் பேச்சைக் கேட்பது?

முழங்கை, முழங்கால் மடிப்புகளில் கரப்பான் (எக்ஸிமா எனும் அரிப்புத் தோல்நோய்). 200 உணவுகளுக்கு ரத்தப் பரிசோதனை. பால், முட்டை, கோதுமை, கச்சான் (நிலக்கடலை) எல்லாம் சிவப்புக் கட்டத்தில். நீங்கள் எழுதியிருப்பது இவ்வளவு. முதலில் அந்த அறிக்கையில் எதை அளந்திருக்கிறார்கள் என்று பாருங்கள். ஐஜிஜி அல்லது ஐஜிஜி4 (ரத்தத்தில் உள்ள ஒருவகை எதிர்ப்புப் புரதம்) என்றிருந்தால் அதை வைத்து ஒரு கவளத்தைக்கூட நிறுத்த வேண்டாம். சாப்பிடும் உணவுக்கு உடம்பு ஐஜிஜி உண்டாக்குவது இயல்பு. அடிக்கடி சாப்பிடுவதற்கு அது கூடுதலாகவே இருக்கும். தினமும் மைலோவும் ரொட்டி சானாயும் சாப்பிடுகிற பிள்ளைக்குப் பாலும் கோதுமையும் சிவப்பில் வராமல் வேறென்ன வரும்? இதை ஒவ்வாமையைக் கண்டறியப் பயன்படுத்தக் கூடாது என்று ஐரோப்பிய ஒவ்வாமை மருத்துவர் கழகம் 2008-இலும் கனடாக் கழகம் 2012-இலும் சொல்லிவிட்டன. முடியை அனுப்பிச் செய்வது, கையில் மின்முனை பிடிக்கச் சொல்வது போன்ற சோதனைகளைத் தள்ளிவிட இந்த அளவு விளக்கம்கூடத் தேவையில்லை.

உண்மையான உணவு ஒவ்வாமையில் அளக்க வேண்டியது ஐஜிஇ என்ற வேறொரு எதிர்ப்புப் புரதம். அதற்கும் முன்னால் வருவது கேள்விகள்: எதைச் சாப்பிட்டான், எவ்வளவு, எத்தனை நிமிடத்தில் தடிப்பு வந்தது, ஒவ்வொரு முறையும் வருகிறதா? பெரும்பாலும் சில நிமிடங்களிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் உதடு வீக்கம், தடிப்பு, வாந்தி, மூச்சு இழுப்பு என்று காட்டிவிடும். சந்தேகம் விழுந்த இரண்டு மூன்று உணவுகளுக்கு மட்டும் தோல் குத்துச் சோதனையோ ரத்த ஐஜிஇ சோதனையோ செய்வார்கள். தோல் சோதனையை 15 முதல் 20 நிமிடத்தில் படிப்பார்கள். உணவுச் சாறு வைத்துக் குத்திய இடம், ஒப்பிட்டுப் பார்க்க உப்புநீர் வைத்துக் குத்திய இடத்தைவிட 3 மில்லிமீட்டராவது பெரிதாகத் தடித்தால் பாசிட்டிவ். அரிப்பு மாத்திரையைச் சுமார் ஒரு வாரம் முன்பே நிறுத்தாவிட்டால் பொய்யாக நெகட்டிவ் வரும். ரத்தச் சோதனைக்கு அந்தத் தொல்லை இல்லை.

ஐஜிஇ பாசிட்டிவ் என்றாலும் ஒவ்வாமை என்று முடிவாகாது. இங்கே மலேசியாவின் ஈரக்காற்றில் மெத்தைத் தூசிப் பூச்சிக்கு ஒவ்வாமை உள்ளவர்கள் ஏராளம். அந்தப் பூச்சியிலும் இறாலிலும் ஏறக்குறைய ஒரே மாதிரியான ஒரு புரதம் இருப்பதால், இறால் சம்பாலை நிம்மதியாகச் சாப்பிடும் பிள்ளைக்கும் சோதனையில் இறால் பாசிட்டிவ் வரலாம். சாப்பிட்டு ஒன்றும் ஆகவில்லை என்றால் தட்டில் இருப்பதுதான் சாட்சி, தாளில் இருப்பது அல்ல. சந்தேகம் தீராவிட்டால் மருத்துவமனையில், துளியில் தொடங்கி அளவைக் கூட்டிக் கொடுத்துப் பார்ப்பார்கள். வீட்டில் முயற்சி செய்யாதீர்கள்.

"நிறுத்தித்தான் பார்ப்போமே, என்ன நஷ்டம்?" என்று பாட்டிமார் கேட்பார்கள். கரப்பானைக் கூட்டும் பண்டம் என்று கத்தரிக்காயைத் தள்ளிவைத்தால் நஷ்டமில்லைதான். பாலும் முட்டையும் அப்படியல்ல. கரப்பான் உள்ள பிள்ளை இத்தனை நாள் தாங்கி வந்த உணவை மாதக்கணக்கில் நிறுத்தினால், உடம்பு பழகியிருந்த பொறுமை போய்விடலாம். திரும்பக் கொடுக்கும் நாளில் மூச்சுத் திணறலோடு அவசரப் பிரிவுக்கு ஓடிய பிள்ளைகள் உண்டு. எடையும் வளர்த்தியும் குறைவது தனிக் கணக்கு. மருத்துவரே நிறுத்திப் பார்க்கச் சொன்னால் அது ஒரே ஒரு உணவு, இரண்டு முதல் நான்கு வாரம், பிறகு அவர் சொல்லும் முறையில் திரும்பக் கொடுப்பது. கரப்பான் குறையவில்லை என்றால் அந்த உணவுக்கு விடுதலை.

கரப்பானைக் குறைக்கிற வேலை பெரும்பாலும் தோலில்தான் இருக்கிறது. இந்த வயதில் வாரம் 250 கிராம் வரை மாய்ஸ்சரைசர் செலவாக வேண்டும். சின்ன டியூப் ஒரு மாதம் வந்தால் போதாமல் பூசுகிறீர்கள் என்று அர்த்தம். கிளினிக் கெசிஹாத்தான் எனும் அரசு மருந்தகத்தில் ஒரு ரிங்கிட்டில் தொடங்கி, தேவைப்பட்டால் அங்கிருந்தே நிபுணருக்குக் கடிதம் வாங்கலாம்.

இயற்கை மருத்துவரை முழுக்க விட வேண்டியதில்லை. அரை மணி நேரம் உட்கார்ந்து தூக்கம், சாப்பாடு, மலச்சிக்கல் எல்லாம் விசாரிக்கிற பொறுமை பல கிளினிக்கில் கிடைக்காது. ஆனால் 2016-ஆம் ஆண்டின் பாரம்பரிய, துணை மருத்துவச் சட்டத்தின் கீழ் பதிவு பெற்றவரா என்று கேளுங்கள். மருந்து கொடுத்தால் புட்டியில் 'எம்ஏஎல்' என்று தொடங்கும் பதிவு எண்ணைத் தேடுங்கள். 'டி' என்ற எழுத்தில் முடிந்தால் அது பாரம்பரிய மருந்து. நோயைக் குணப்படுத்தும் என்று அரசு நிரூபித்ததாக அதற்குப் பொருள் இல்லை.

எண்ணே இல்லாத சூரணமோ மாஜுன் லேகியமோ கொடுத்து, இரண்டே நாளில் அரிப்பு மாயமாக அடங்கினால் சந்தோஷப்படாதீர்கள், சந்தேகப்படுங்கள். இப்படிப்பட்ட பொருள்களில் டெக்ஸாமெதசோன் என்ற ஸ்டீராய்டு கலந்திருப்பதைச் சுகாதார அமைச்சு பலமுறை பிடித்திருக்கிறது. முகம் உப்பி, பசி கூடியிருந்தால் சந்தேகம் இன்னும் வலுக்கும். வாரக்கணக்கில் கொடுத்திருந்தால் நீங்களாகத் திடீரென்று நிறுத்தவும் வேண்டாம், உடம்பு நிலைகுலைந்துவிடலாம். புட்டியை எடுத்துக்கொண்டு அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள்.