எல்லாவற்றையும் படிக்க அனுமதி கேட்கிறது, கொடுக்கலாமா?

கேள்வி: கடையில் பில் போடுவதற்கும் வங்கி வேலைக்கும் ஒரே கணினிதான். இலவச ஆன்ட்டிவைரஸ் ஒன்றை நிறுவினேன். உடனே குரோம் பிரவுசரில் ஓர் எக்ஸ்டென்ஷனையும் (பிரவுசருடன் ஒட்டிக்கொள்ளும் துணை நிரல்) சேர்க்கச் சொன்னது. ‘எல்லா இணையதளங்களிலும் உள்ள உங்கள் தரவு அனைத்தையும் படிக்கவும் மாற்றவும்’ அனுமதி வேண்டுமாம். பாதுகாப்புக்குத்தானே, கொடுத்துவிடலாமா?
– கடை உரிமையாளர், விருதுநகர்

பதில்: கொடுக்காதீர்கள். அந்த வாக்கியத்தில் பூச்சு எதுவும் இல்லை, சொன்னதைத்தான் கேட்கிறது. உங்கள் வங்கி இருப்பு தெரியும் பக்கமும் ‘எல்லா இணையதளங்களில்’ அடக்கம்.

போலித் தளத்துக்குள் நுழையும்முன் எச்சரிக்க வேண்டுமென்றால், நீங்கள் எங்கே போகிறீர்கள் என்று அது பார்த்தாக வேண்டும். அதில் நியாயம் இருக்கிறது. பார்த்ததை யாரிடம் கொடுக்கிறது என்பதுதான் நாம் கேட்க வேண்டிய கேள்வி. இதற்குச் செக் நாட்டு நிறுவனமான அவாஸ்ட்டின் கதையைவிட நல்ல பாடம் இல்லை. உலகெங்கும் கோடிக்கணக்கானோர் பயன்படுத்திய ஆன்ட்டிவைரஸ் அது. நம்மைப் பின்தொடரும் குக்கிகளை (தளங்கள் நம் பிரவுசரில் போட்டுவைக்கும் சிறு அடையாளக் கோப்புகள்) தடுப்போம் என்று சொல்லித்தான் அதன் எக்ஸ்டென்ஷன்களைக் கொடுத்தார்கள். மறுபக்கம், அதே எக்ஸ்டென்ஷன்கள் திரட்டிய உலாவல் வரலாறு ஜம்ப்ஷாட் என்ற துணை நிறுவனத்தின் வழியாக விற்பனைக்குப் போய்க்கொண்டிருந்தது. 2020 ஜனவரியில் மதர்போர்டு, பிசிமேக் என்ற இரண்டு செய்தித் தளங்கள் இதை அம்பலப்படுத்தின. அந்த மாதமே ஜம்ப்ஷாட்டை இழுத்து மூடினார்கள். 2014 முதல் 8 பெட்டாபைட்டுக்கு (80 லட்சம் ஜிகாபைட்) மேல் உலாவல் தரவு அங்கே குவிந்திருந்ததாக அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் குற்றம் சாட்டியது. 2024-இல் 1.65 கோடி டாலர் கட்டும்படியும், உலாவல் தரவை விளம்பரத்துக்காக விற்கக் கூடாது என்றும் உத்தரவாயிற்று.

‘பெயரை நீக்கிவிட்டுத்தான் விற்றோம்’ என்பது இத்தகைய நிறுவனங்கள் வழக்கமாகச் சொல்லும் சமாதானம். அதன் மதிப்பு எவ்வளவு என்று பார்த்துவிடலாம். விற்கப்படும் பட்டியலில் ஒரு வரி: ஒரு கணினியின் அடையாள எண், காலை 10 மணி 42 நிமிடம் 15 விநாடி, ஒரு கடையின் ‘ஆர்டர் உறுதி’ பக்க முகவரி. உங்கள் பெயர் எங்கும் இல்லை. பட்டியலை வாங்கியவர் அந்தக் கடைக்காரராகவே இருந்தால்? சரியாக அந்த விநாடியில் ஆர்டர் கொடுத்தவர் யார் என்று அவருடைய பதிவேடு சொல்லிவிடும். எண்ணுக்கு ஆள் கிடைத்தாயிற்று. அதன் பிறகு அதே எண்ணின் கீழ் இருக்கும் மற்ற வரிகளும், அதாவது நீங்கள் படித்த மருத்துவக் கட்டுரை, விசாரித்த கடன், நள்ளிரவில் தேடிய வேலை எல்லாமே உங்கள் பெயரில் வந்துவிடும்.

பணம் கட்டி வாங்கினால் ஆபத்தில்லை, இலவசம் என்றால் ஆபத்து என்று நான் சொல்ல வரவில்லை. இரண்டிலும் நல்லதும் உண்டு, கெட்டதும் உண்டு. ஒரு சேவைக்கு எங்கிருந்து வருமானம் வருகிறது என்பது வெளிப்படையாகத் தெரிய வேண்டும். அது புரியாதவரை, அந்தச் சேவையின் கையில் உங்கள் உலாவல் வரலாற்றைக் கொடுக்க வேண்டாம்.

உங்கள் கணினியில் விண்டோஸ் 11 இருந்தால், அதனுடன் வரும் டிஃபெண்டர் ஆன்ட்டிவைரஸே சிறு கடைக்குப் போதும் (விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபரில் முடிந்துவிட்டது). ஆனால் விண்டோஸ் அப்டேட்டைத் தள்ளிப்போடக் கூடாது. தள்ளிப்போடுபவர்களைத்தான் எல்லா ஊரிலும் பார்க்கிறேன். வங்கி வேலைக்கு எட்ஜ் பிரவுசரை, எக்ஸ்டென்ஷன் ஒன்றுகூட இல்லாமல், தனியாக ஒதுக்கிவிடுங்கள். குரோமில் வலது மூலையில் உள்ள மூன்று புள்ளிகளைத் தொட்டு எக்ஸ்டென்ஷன் பட்டியலைத் திறந்து, அடையாளம் தெரியாதவற்றை நீக்குங்கள். நல்ல பெயர் எடுத்தவைகூட கைமாறுவது உண்டு. தி கிரேட் சஸ்பெண்டர் என்ற எக்ஸ்டென்ஷனை அதை உருவாக்கியவர் 2020-இல் வேறொருவருக்கு விற்றார். 2021 பிப்ரவரியில், அதில் தீய நிரல் இருப்பதாகச் சொல்லி கூகுள் அதை முடக்கியது. ஒரு நல்ல மனிதரை நம்பிக் கொடுத்த அனுமதி, யாரென்றே தெரியாத ஒருவர் கைக்குப் போயிருந்தது.

கேள்வி: பிரவுசரின் மறைநிலையில்தான் (இன்காக்னிட்டோ) தைராய்டு மாத்திரை பற்றித் தேடினேன். மறுநாளே அதே மாத்திரை விளம்பரமாக வந்து நிற்கிறது. கைபேசி நான் பேசுவதை ஒட்டுக்கேட்கிறதா?
– வாசகி, கோயம்புத்தூர்

பதில்: ஒட்டுக்கேட்கத் தேவையே இல்லை, அதைவிட எளிய வழிகள் இருக்கின்றன. மறைநிலை மறைப்பது உங்கள் கைபேசியை எடுத்துப் பார்க்கும் வீட்டாரிடமிருந்து மட்டும்தான். சன்னலை மூடியதும் அந்தக் கைபேசியில் வரலாறு அழியும். நீங்கள் போன தளம், அங்கே ஒட்டிக்கொண்டிருக்கும் விளம்பர நிறுவனங்கள், இணைய இணைப்பு தருபவர் ஆகியோருக்குத் திரை எதுவும் விழுவதில்லை. இணைப்பு தருபவருக்குப் பொதுவாகத் தளத்தின் பெயர் தெரியும், அதற்குள் எந்தப் பக்கம் என்பது தெரியாது.

இதை மக்களுக்குச் சரியாகச் சொல்லவில்லை என்று கூகுள் மீது 2020-இல் அமெரிக்காவில் வழக்கு தொடர்ந்தார்கள். 2024-இல் சமரசம் ஆனது. மறைநிலையில் திரட்டிய கோடிக்கணக்கான பதிவுகளை அழிக்கவும், மறைநிலையின் முதல் பக்க அறிவிப்பைத் திருத்தவும் கூகுள் ஒப்புக்கொண்டது. அடுத்த முறை திறக்கும்போது அந்த அறிவிப்பை ஒருமுறை நிதானமாகப் படியுங்கள். வழக்குப் போட்டு வாங்கிய வரிகள் அவை.

உங்கள் விஷயத்தில் நான் சந்தேகப்படுவது வேறு. ஏதாவது மருந்துக்கடைத் தளத்தில் விலை பார்க்கக் கைபேசி எண்ணையும் ஓ.டி.பி.யையும் கொடுத்தீர்களா? கொடுத்திருந்தால் மறைநிலை அந்த நொடியே முடிந்துவிட்டது. வாடிக்கையாளர் எண்களின் பட்டியலை விளம்பர நிறுவனத்தில் ஏற்றி, ‘இவர்களுக்குக் காட்டு’ என்று சொல்லும் வசதி கடைகளுக்கு இருக்கிறது. அமெரிக்காவில் மருந்துக்குத் தள்ளுபடிக் கூப்பன் தரும் குட்ஆர்எக்ஸ் நிறுவனம், பயனர்களின் உடல்நலத் தகவலை ஃபேஸ்புக், கூகுள் போன்றவற்றுடன் பகிர்ந்ததாக 2023-இல் சிக்கி, 15 லட்சம் டாலர் அபராதத்துக்கு ஒப்புக்கொண்டது. ஆகவே உடல்நலம் பற்றித் தேடும்போது எங்கும் உள்நுழையாமல் படியுங்கள். விலை வேண்டுமென்றால் தெருமுனை மருந்துக்கடையில் கேட்டுவிடலாம், அவருக்கு ஓ.டி.பி. தேவைப்படாது.

பிரவுசரை மாற்றுவதும் பயன் தரும். ஒரு தளத்தில் இருந்துகொண்டு இன்னொரு நிறுவனம் வைக்கும் குக்கிகளை ஆப்பிளின் சஃபாரி 2020-லிருந்தே தடுக்கிறது. ஃபயர்பாக்ஸ் அவற்றைத் தளத்துக்குத் தளம் பிரித்து அடைத்துவைக்கிறது. குரோமும் இந்தக் குக்கிகளை நிறுத்திவிடுவதாக 2020-இல் சொன்னது. பல முறை தள்ளிப்போட்டு, 2024-இல் திட்டத்தையே கைவிட்டது. கூகுளின் வருமானத்தில் பெரும்பங்கு விளம்பரத்திலிருந்து வருவதால் எனக்கு இதில் வியப்பில்லை.

கேள்வி: அப்படியானால் இலவச வி.பி.என். போட்டுக்கொண்டால் தீர்ந்ததா?
– கல்லூரி மாணவர், மதுரை

பதில்: இல்லை. வி.பி.என். என்பது உங்கள் இணையப் போக்குவரத்தை மறையாக்கித் தன் கணினி வழியாக அனுப்பும் சேவை. அதைப் போட்டால் உங்களைப் பார்க்கும் ஆள் மாறுகிறார், அவ்வளவுதான். இணைப்பு தருபவருக்குத் தெரிந்தது இப்போது வி.பி.என். காரருக்குத் தெரியும். ஃபேஸ்புக் 2013-இல் வாங்கிய ஒனாவோ என்ற இலவச வி.பி.என்., பயனர்கள் எந்தெந்தச் செயலிகளை எவ்வளவு நேரம் பயன்படுத்துகிறார்கள் என்று அதன் முதலாளிக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. ஆஸ்திரேலிய நீதிமன்றம் இதற்காக 2023-இல் 2 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் போட்டது. விடுதி வை-ஃபைக்காகத்தான் கேட்கிறீர்கள் என்றால், முகவரியின் தொடக்கத்தில் ‘https’ (தளத்துக்கும் உங்களுக்கும் இடையே போவதை மறையாக்கும் முறை) இருக்கும் தளங்களுக்கு வி.பி.என். இல்லாமலே போகலாம்.

கேள்வி: ஒரு ஷாப்பிங் செயலியில் என் கணக்கை நீக்கிவிட்டேன். இரண்டு மாதமாகியும் நான் பார்த்த பொருள்களைச் சொல்லிக் குறுஞ்செய்தி வருகிறது. சட்டத்தில் வழி உண்டா?
– ஓய்வுபெற்ற ஆசிரியை, திருச்சி

பதில்: உண்டு, ஆனால் முழுதாக நடைமுறைக்கு வரவில்லை. தனியுரிமை அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 2017 ஆகஸ்டில். டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது 2023 ஆகஸ்டில். அதன் விதிகள் 2025 நவம்பரில்தான் அறிவிக்கப்பட்டன. நிறுவனங்களுக்கான முக்கியக் கடமைகள் அதிலிருந்து 18 மாதங்கள் கழித்தே அமலாகும். தரவை அழிக்கச் சொல்லும் உரிமை அதில் இருக்கிறது. அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். அந்தப் பணம் அரசுக் கருவூலத்துக்குப் போகும், பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு என்று அந்தச் சட்டத்தில் எதுவும் இல்லை. எனக்கு இதில் பெரிய மனக்குறை.

இப்போதைக்கு, நிறுவனத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். பெயரும் முகவரியும் செயலியிலேயே இருக்க வேண்டும். ‘எனக்கு விளம்பரச் செய்தி அனுப்ப அளித்த ஒப்புதலைத் திரும்பப் பெறுகிறேன், என் தரவை அழித்துவிட்டு எழுத்தில் உறுதி தாருங்கள்’ என்ற இரண்டு வரி போதும். வந்த குறுஞ்செய்திகளின் படத்தை இணையுங்கள். பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதியலாம், குறுஞ்செய்தித் தொல்லையை மட்டும் 1909-இல் தனியாகச் சொல்லலாம். புகார் எண்ணை மறக்காமல் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.