நகையை அடகு வைக்கும் முன்

பாலக்கோட்டில் அப்பாவுக்குப் புற்றுநோய்க்கான கீமோ சிகிச்சை தொடங்கணும், நகையை அடகு வைக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். கொஞ்சம் பொறுங்கள். குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்றால் முதலமைச்சர் காப்பீட்டில் ஆண்டுக்கு 5 லட்சம் வரை உண்டு. விஏஓவிடம் வருமானச் சான்று வாங்கி, ரேஷன் கார்டு, ஆதாரோடு தர்மபுரி கலெக்டர் ஆபீசில் உள்ள காப்பீட்டுப் பதிவு மையத்துக்குப் போங்கள். ரேஷன் கார்டில் அப்பா பெயர் இருக்கணும். பலர் மாட்டிக்கொள்வது அங்கேதான்.

கையிலிருந்து கட்டிவிட்டுப் பிறகு திரும்பக் கேட்கலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். பயாப்சி ரிப்போர்ட்டை அனுப்பி ஆஸ்பத்திரியே முன் அனுமதி வாங்கணும், அதுவும் சிகிச்சை தொடங்கும் முன். அந்த ஆஸ்பத்திரி இந்தக் காப்பீட்டுத் திட்டத்தின் பட்டியலில் இருந்தால் மட்டும் போதாது. புற்றுநோய்ப் பிரிவும் அதில் சேர்ந்திருக்கிறதா என்று காப்பீட்டுத் திட்டத்தின் உதவி எண் 1800 425 3993-இல் கேளுங்கள். ஆஸ்பத்திரி அட்வான்ஸ் கேட்டாலும் புகார் சொல்ல இதே எண்தான்.