சாவி முதலாளியிடம், சலக்கடுப்பு எனக்கு

கேள்வி: எனக்கு வயது 29. புறக்கோட்டையில் ஒரு புடவைக் கடையில் காலை 9 முதல் இரவு 7 வரை வேலை. கடையில் ஒரேயொரு மலசலகூடம், சாவி முதலாளியிடம். கேட்க வெட்கம். அதனால் காலையில் ஒரு பிளேன்டீயோடு சரி, வீடு போகும்வரை தண்ணீர் குடிப்பதில்லை. இந்த வருடம் மூன்று தடவை சலக்கடுப்பு. பழைய மருந்துத் துண்டைக் காட்டிப் பாமசியில் குளிசை வாங்குவேன், சுகமானதும் நிறுத்திவிடுவேன். பொதுக் கழிவறைக்குப் போனால் கிருமி தொற்றும் என்கிறார்களே, உண்மையா?
– வாசகி, வத்தளை

பதில்: பொதுக் கழிவறைப் பயத்தை முதலில் இறக்கி வையுங்கள். சலக்கடுப்புக்குப் பெரும்பாலும் காரணம் ஈ.கோலை என்ற கிருமி. அது இருக்கையிலிருந்து வருவதில்லை, நம் குடலிலிருந்தே வருகிறது. பெண்களின் சிறுநீர்க் குழாய் ஏறக்குறைய 4 சென்ரிமீற்றர்தான். அதன் வழியே சலப்பைக்குள் ஏறும் கிருமிகளைச் சிறுநீர் அடித்துக்கொண்டு போய்விடும். அந்தக் கழுவலைத்தான் நீங்கள் பகல் முழுவதும் நிறுத்தி வைத்திருக்கிறீர்கள்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். அளவாகத் தண்ணீர் குடிப்பவருக்கு மணிக்கு 60 முதல் 100 மில்லிலீற்றர் சிறுநீர் ஊறும். சலப்பை வசதியாகப் பிடிப்பது 400, 500 மில்லிலீற்றர். பத்து மணி நேரத்துக்கு ஒரு சலப்பை போதாது. உடலோடு பேரம் பேசித் தண்ணீரை நிறுத்தினால், இந்தக் கொழும்பு வெக்கையில் சிறுநீர் தடித்து, கல் உருவாகவும் வழி பிறக்கும். தண்ணீர் குறைவாகக் குடித்த, அடிக்கடி தொற்று வந்த பெண்களிடம் நடத்தி 2018 இல் வெளியான ஓர் ஆய்வில், நாளுக்கு 1.5 லீற்றர் கூடுதலாகக் குடித்தவர்களுக்கு ஒரு வருடத்தில் தொற்று சராசரியாக 1.7 தடவை வந்தது. வழக்கம்போல் குடித்தவர்களுக்கு 3.2 தடவை.

குடிக்கும் விதமும் முக்கியம். அரை லீற்றர் போத்தலை ஒரே மூச்சில் குடித்தால் ஒரு மணி நேரத்தில் முட்டும். எழுந்ததும் இரண்டு கோப்பை, கடையில் மணிக்கு ஒரு தடவை 150 மில்லிலீற்றர் அளவில். சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருந்தால் போதும். மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறையும், வத்தளை பஸ் ஏறுமுன்னரும் போய்விடுங்கள்.

கொமோட்டில் அருவருப்பில் பாதி குந்தியபடி போகாதீர்கள். அப்படி நின்றால் இடுப்புத் தசை தளராது, சலப்பையில் மிச்சம் தங்கும். இருக்கையைத் துடைத்து ரிசுப் பேப்பர் விரித்து உட்காருங்கள். குந்தும் கழிவறை கிடைத்தால் இன்னும் நல்லது. முடிந்ததும் அரை நிமிடம் பொறுத்து மறுபடி முயலுங்கள். கழுவுவது முன்னிருந்து பின்னாக. மாதவிடாய் நாட்களில் நாலிலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் பேட் மாற்ற வேண்டும்.

பழைய துண்டை இன்றே கிழித்துப் போடுங்கள். பாதியில் நிறுத்திய குளிசைக்குத் தப்பிய கிருமி, அடுத்த தடவை அதே குளிசைக்கு அடங்காமல் போகலாம். அடுத்த கடுப்பில் மருந்து தொடங்குமுன் யூரின் ஃபுல் ரிப்போர்ட், கல்ச்சர் (எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு அடங்கும் என்று பார்க்கும் சோதனை) இரண்டும் செய்ய வேண்டும்: முதலில் வரும் சிறுநீரை விட்டுவிட்டு நடுப்பகுதியைக் கிருமியற்ற போத்தலில் பிடித்து, ஒரு மணி நேரத்துக்குள் ஆய்வுகூடத்தில் கொடுங்கள். மாதவிடாய் தள்ளிப்போயிருந்தால் வைத்தியரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல், விலாவின் பின்புறம் வலி, வாந்தி என்றால் தொற்று சிறுநீரகம்வரை ஏறியிருக்கலாம். அன்றே வைத்தியசாலைக்குப் போங்கள்.

இது உங்கள் ஒருவரின் வெட்கப் பிரச்சினையல்ல. பஸ் பயணத்துக்குப் பயந்து, பிரஷருக்குக் கொடுத்த சலம் போக்கும் குளிசையை விழுங்காமல் விடும் முதியவர்கள் நிறையப் பேர். ஆண்கள் சந்துச் சுவரைத் தேடுகிறார்கள், பெண்கள் தாகத்தை அடக்குகிறார்கள். கடை, அலுவலக ஊழியர்களுக்கான 1954 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கச் சட்டப்படி மலசலகூட வசதி முதலாளியின் கடமை. பூட்டிய கதவு அந்த வசதியாகாது. மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை போகவேண்டும் என்று உங்கள் வைத்தியரிடம் கடிதம் வாங்கி, கூட வேலை செய்யும் இரண்டு மூன்று பேரோடு போய்க் கொடுங்கள். பெரிய செலவு வைக்கும் எதையும் கேட்க வேண்டாம்: சாவி கதவருகே ஆணியில் தொங்கட்டும், உள்ளே மூடியுள்ள குப்பைக் கூடையும் சவர்க்காரமும் இருக்கட்டும். மறுத்தால் மாநகர சபைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமும் தொழில் திணைக்களத்திலும் எழுத்தில் முறையிடலாம்.